பழைய இலக்குத் துப்பாக்கிக்கு விலை எப்படி வருகிறது? கோல்ட் வுட்ஸ்மேனை வைத்து ஓர் எளிய விளக்கம்

நான் குடியிருப்பது அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில். பக்கத்து வீட்டுக்காரர் தன் அப்பா இறந்த பிறகு வீட்டைக் காலி செய்தபோது, எண்ணெய்த் துணியில் சுற்றிய கைத்துப்பாக்கி ஒன்று கிடைத்தது. நீளமான குழல், பக்கவாட்டில் வட்டத்துக்குள் வட்டமாக ஒரு சின்னம். 1930களின் கடைசியில் அவருடைய தாத்தா போட்டிகளில் சுடுவதற்காக வாங்கியதாம். மதிப்புப் போடுபவரிடம் காட்டுவதற்கு முன் சுத்தமாக இருக்கட்டும் என்று, அவர் பித்தளை துலக்கும் பாலிஷை வைத்து இரண்டு நாள் உட்கார்ந்து தேய்த்துவிட்டார். கறுநீல நிறம் போய் வெள்ளி மாதிரி மின்னியது. மதிப்புப் போடுபவர் அதைக் கையில் வாங்கியதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அந்த இரண்டு நாள் வேலையில் அதன் விலையில் பாதிக்கும் மேல் போயிருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் மேல் தப்பில்லை. யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். பழைய துப்பாக்கி என்றதும் ‘பழசு, அதனால் விலை அதிகம்’, ‘பளபளப்பாக இருந்தால் இன்னும் அதிகம்’, ‘அதே பேருள்ள ஒன்று இணையத்தில் இவ்வளவுக்கு இருக்கிறது, அப்போ இதுவும் அவ்வளவு’ என்றுதான் பலரும் பேசுகிறார்கள். மூன்றுமே தவறு. ஏன் தவறு என்பதை அதே துப்பாக்கியை வைத்தே விளக்குகிறேன். அது கோல்ட் என்ற அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனத்தின் வுட்ஸ்மேன் வகை.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. பழைய துப்பாக்கி எதுவானாலும் உள்ளே தோட்டா இருக்கிறது என்று நினைத்தே தொட வேண்டும். மேகசினை, அதாவது பிடிக்குள் தோட்டாக்களை அடுக்கும் பெட்டியை, உருவிவிட்டால் போதாது. குழலின் பின்முனையில் இருக்கும் தோட்டா அறையில் ஒரு தோட்டா மிச்சம் இருக்கலாம். அதைத் திறந்து கண்ணால் பார்த்த பிறகுதான் மற்றது எல்லாம். பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்த ஒருவரை வைத்துப் பார்ப்பது நல்லது.

இலக்குத் துப்பாக்கி என்றால் என்ன?

தையல்காரரின் கத்தரிக்கோலும் அடுப்படிக் கத்தரிக்கோலும் வெட்டத்தான் செய்யும். ஆனால் தையல்காரர் தன்னுடையதை யாரையும் தொட விட மாட்டார். அது ஒரே வேலைக்கு என்று தீட்டப்பட்டது. இலக்குத் துப்பாக்கியும் அப்படித்தான். அட்டையில் வரைந்த வட்டத்தின் நடுப்புள்ளியைத் துளைப்பதுதான் அதன் வேலை. தற்காப்புக்கோ ராணுவத்துக்கோ செய்தது இல்லை.

குழல் ஏன் நீளம்? வயலில் நேர்கோடு பிடிக்க இரண்டு குச்சி நடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். குச்சிகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், நடும்போது ஒரு விரல் விலகியதும் வயலின் மறுமுனையில் கோடு எங்கோ போய்விடும். தள்ளித் தள்ளி நட்டால் அதே ஒரு விரல் பிழை பெரிதாகத் தெரியாது. துப்பாக்கியின் மேல் முன்னால் ஒரு குறியும் பின்னால் ஒரு குறியும் இருக்கும். இவற்றுக்கு இடைப்பட்ட தூரம் 10 செ.மீ. என்றால், 0.1 மி.மீ. விலகல் 25 மீட்டர் தள்ளி 25 மி.மீ. பிழையாகும். தூரத்தை 20 செ.மீ. ஆக்கினால் பிழை 12.5 மி.மீ. தான். நீளக் குழலுக்கு இது முக்கியமான காரணம். இதோடு திருகினால் நகரும் பின்குறியும், லேசாக, பிசிறில்லாமல் விடுபடும் விசையும் (சுடுவதற்கு விரலால் இழுக்கும் பாகம்), கைக்கு அடங்கும் பெரிய பிடியும் சேர்ந்தால் அது இலக்குத் துப்பாக்கி.

தோட்டா பெரும்பாலும் .22 அளவு (விட்டம் ஏறத்தாழ 0.22 அங்குலம்) ரிம்ஃபயர். தோட்டாவின் அடிவிளிம்புக்குள்ளேயே தீப்பற்றும் மருந்து இருக்கும், விளிம்பில் அடித்தால் வெடிக்கும். ரிம்ஃபயர் என்பதற்கு அவ்வளவுதான் அர்த்தம். சுடும்போது கையில் விழும் உதைப்பு குறைவு, சத்தம் குறைவு, விலையும் குறைவு. பயிற்சிக்கு வேறென்ன வேண்டும்?

ஒரே பெயர், பல துப்பாக்கிகள்

வுட்ஸ்மேன், துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங்கின் வடிவமைப்பிலிருந்து வந்தது. கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டில் இருந்த கோல்ட் ஆலை இதை 1915இல் விற்கத் தொடங்கியது. அப்போது ‘வுட்ஸ்மேன்’ என்ற பெயரே கிடையாது, .22 டார்கெட் மாடல் என்றுதான் சொன்னார்கள். பெயர் 1927இல் வந்தது. 1977 வரை உற்பத்தி நடந்தது. அறுபது ஆண்டுக்கு மேல் ஒரே வடிவத்தில் எதுவும் நிற்காது. சேகரிப்பாளர்கள் இதை மூன்று தொடராகப் பிரிக்கிறார்கள்: 1915 முதல் 1947 வரை, 1947 முதல் 1955 வரை, 1955 முதல் 1977 வரை.

புதியவர்கள் தொடரைக் கண்டுபிடிக்க நல்ல அடையாளம் மேகசினை விடுவிக்கும் இடம். பிடியின் அடிப்பாகத்தில், குதிகால் மாதிரியான இடத்தில் கொக்கி இருந்தால் முதல் தொடர் அல்லது மூன்றாம் தொடர். விசைக்குப் பின்னால் அழுத்தும் பொத்தான் இருந்தால் இரண்டாம் தொடர். முதலுக்கும் மூன்றாவதுக்கும் உடல்வாகே வேறு, இரண்டையும் பக்கத்தில் வைத்தால் குழப்பம் வராது. சீரியல் எண்ணும் சொல்லும். முதல் தொடரில் இல்லாத S என்ற எழுத்து, இரண்டாம் தொடரிலிருந்து பெரும்பாலும் எண்ணோடு சேர்ந்து வரும்.

ஒவ்வொரு தொடருக்குள்ளும் கிளைகள் உண்டு. குட்டைக் குழலோடு வந்தது ஸ்போர்ட். விலையைக் குறைக்க நகராத குறிகளோடு, 1950களில் சேலஞ்சர் என்றும் பிறகு ஹன்ட்ஸ்மேன் என்றும் விற்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது 1938இல் வந்த மேட்ச் டார்கெட். தட்டையான பக்கங்களோடு கனமான குழல், பக்கவாட்டில் இலக்கு வட்டச் சின்னம், சீரியல் எண்ணுக்கு முன்னால் MT என்ற இரண்டு எழுத்து. பக்கத்து வீட்டுக்காரர் தேய்த்தது இதைத்தான்.

புல்லட் வண்டி வாங்கப் போகிறவர் ‘புல்லட்’ என்ற பெயரோடு நிற்க மாட்டார். எந்த வருஷம், எந்த எஞ்சின், ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஒன்றா என்று பார்ப்பார். இங்கேயும் அதே கேள்விகள்தான்.

வேறு நிறுவனங்களிலும் இதே கதை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் கே-22 சுழல் துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 1931இல் வந்த முதல் வடிவம் ஓரளவு கிடைக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, சீரியலுக்கு முன்னால் K எழுத்தோடு வந்தது நிறையவே இருக்கிறது. நடுவில் 1940 வாக்கில் ஆயிரத்துச் சொச்சம் மட்டும் செய்த ஒரு வடிவம் உண்டு, அதற்குத்தான் ஆட்கள் அலைகிறார்கள். ஹை ஸ்டாண்டர்ட் நிறுவனத்துடையது என்றால் உடலில் பொறித்த ஊர்ப் பெயரைப் பார்க்க வேண்டும். ஹாம்டன் என்று இருந்தால் ஒரு விலை, ஈஸ்ட் ஹார்ட்ஃபோர்ட் என்றால் வேறு, பின்னாளில் வந்த ஹூஸ்டன் என்றால் இன்னும் வேறு.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. தொடர், கிளை, எண்ணோடு சேர்ந்த எழுத்து இந்த மூன்றும் தெரிந்த பிறகுதான் விலையைப் பற்றிப் பேச்சே எடுக்க முடியும்.

அந்தக் கறுநீலத் தோல்

பழைய நாணயம் சேர்ப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். புளி போட்டு விளக்கிய செப்புக்காசை அவர்கள் கையில்கூட வாங்க மாட்டார்கள். காலம் ஏற்றிய நிறம் போனால் காசின் சாட்சியமே போய்விட்டது என்பார்கள். துப்பாக்கியில் அந்தச் சாட்சியத்தின் பெயர் ப்ளூயிங்.

ப்ளூயிங் பெயின்ட் இல்லை. இரும்பு துருப்பிடிப்பது நமக்குத் தெரியும். சிவப்புத் துரு உதிரும், உதிர்ந்து உதிர்ந்து அடியில் இருப்பதையும் தின்னும். அதே இரும்பைக் கட்டுப்பாடாக ஆக்ஸிஜனோடு சேர வைத்தால், உதிராத மெல்லிய கறுப்பு ஆக்ஸைடு படலம் உண்டாகும். இந்தப் படலம்தான் ப்ளூயிங். தோசைக்கல் பழகப் பழகக் கறுப்பேறி, துருவைத் தள்ளி நிறுத்துவது போல, இதுவும் எண்ணெயைப் பிடித்துவைத்துத் துருவைத் தடுக்கிறது. படலம் மெல்லியது என்பதால் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் நிமிஷத்தில் போய்விடும்.

கோல்டின் பழைய தொழிலாளர்கள் ப்ளூயிங்குக்கு முன்னால் எஃகை மெருகேற்றிய விதம் தனி. தட்டையான பக்கம் கண்ணாடி போலத் தட்டையாக இருக்கும், இரண்டு பக்கம் சந்திக்கும் ஓரம் கத்தி போல நிற்கும். சாளரத்து வெளிச்சத்தைச் சாய்வாக விழ வைத்து அந்த ஓரத்தைப் பார்த்தால், நீலத்துக்கு அடியில் இன்னொரு நீலம் இருப்பது போலத் தெரியும். நான் முதன்முதலில் அப்படிப் பார்த்தபோதுதான், இந்தப் பொருளுக்கு ஏன் ஆட்கள் இவ்வளவு பணம் கொடுக்கிறார்கள் என்று புரிந்தது.

தேய்ந்ததைப் பட்டறையில் கொடுத்து மறுபடி நீலமேற்ற முடியாதா? முடியும். ஆனால் அதற்கு முன் மேற்பரப்பைச் சக்கரத்தில் தேய்ப்பார்கள், அது தடயம் விட்டுவிடும். இந்தத் தடயங்களைப் படிக்கக் கற்றுக்கொள்வதுதான் இந்தப் பாடத்திலேயே முக்கியமான பகுதி. ஒரு பூதக்கண்ணாடி போதும்.

முதலில் எழுத்துகள். கோல்டின் பெயரும், ஒடிந்த ஈட்டியோடு பாயும் குதிரையும் ரோல் மார்க் முறையில் பொறிக்கப்பட்டவை. கெட்டியான உருளை அச்சை எஃகின்மேல் அழுத்தி உருட்டுவார்கள். அழுத்தும்போது எழுத்தைச் சுற்றி நுண்ணிய வரம்பு எழும். தொடாத துப்பாக்கியில் குதிரையின் கால்கள் தனித்தனியாக நிற்கும். தேய்த்து மறுநீலம் போட்டதில் கால்கள் ஒன்றோடொன்று கரைந்து, குதிரை பனியில் நிற்பது போல மங்கியிருக்கும். அடுத்து ஓட்டைகள். திருகாணித் துளையின் வாய் ஆலையில் கூராக இருந்திருக்கும். மெருகுச் சக்கரம் அதன் மேல் போனால் வாய் உள்வாங்கி, தட்டு மாதிரி பள்ளமாகிவிடும். அப்புறம் துருக்குழிகள். குழிக்குள்ளேயும் நீலம் பளபளத்தால், துருப்பிடித்த பிறகு நீலமேற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆலை ஒருநாளும் குழிக்கு நீலமேற்றி அனுப்பியிருக்காது.

சேகரிப்பாளர்கள் ‘தொண்ணூறு சதவீதம்’ என்று பேசும்போது, ஆலை போட்ட அசல் நீலத்தில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதைத்தான் சொல்கிறார்கள். விலை இந்தச் சதவீதத்தோடு சீராக இறங்காது. 98இலிருந்து 90க்கு வந்தால் பெரிய சரிவு. 60இலிருந்து 50க்கு வந்தால் அவ்வளவு வித்தியாசம் இல்லை. உச்சத்தில் இருப்பவை கொஞ்சம், அவற்றுக்குப் போட்டி போடுபவர்கள் அதிகம். அதுதான் காரணம்.

சுருக்கமாக: தேய்மானம் நேர்மையானது, மறுமெருகு இழப்பு. அசல் நீலம் அறுபது சதவீதம் நிற்கும் துப்பாக்கியை, புதுசு போல மின்னும் மறுநீலத் துப்பாக்கியைவிடச் சேகரிப்பாளர் மதிப்பார்.

மாற்றம் செய்யாததே அபூர்வம்

இலக்குத் துப்பாக்கிகளுக்கு என்றே ஒரு சிக்கல் உண்டு. இவற்றை வாங்கியவர்கள் போட்டியாளர்கள். ஒரு புள்ளி கூடுதலாகக் கிடைக்கும் என்றால் எதையும் மாற்றுவார்கள். பிடியைக் கழற்றி வேறு மாட்டுவார்கள், விசையை அரத்தால் ராவுவார்கள், தொலைநோக்கி பொருத்த மேலே துளையிடுவார்கள். சுடுபவருக்கு அன்று அது லாபம். சேகரிப்பவருக்கு அந்தத் துளைகள் மூடவே முடியாத காயம்.

முதல் மேட்ச் டார்கெட்டின் பிடி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரே வால்நட் கட்டையில் குடைந்து, இரண்டு பக்கமும் விரிந்து இறங்கும் அந்தப் பிடியை ‘யானைக் காது’ என்றே சொல்கிறார்கள். பலருக்குக் கைக்குப் பிடிக்கவில்லை, கழற்றி எறிந்தார்கள். மெல்லிய இடத்தில் மரம் பிளந்து போனதும் உண்டு. இன்று அசல் யானைக் காது தனியாகக் கிடைத்தாலே நல்ல பணம். அதனால் நகல்களும் உலவுகின்றன. பக்கத்து வீட்டுத் துப்பாக்கியில் பிற்காலப் பிடிதான் இருந்தது. பழைய பொருள்களைத் தூக்கிப் போடுவதற்கு முன் அப்பாவின் கருவிப் பெட்டி, மேசை இழுப்பறை, மணி டப்பா எல்லாவற்றையும் தேடச் சொன்னேன். மரத்துண்டு என்று நினைத்து எறிந்துவிடுவார்கள் என்ற பயம் எனக்கு.

எல்லா மாற்றமும் கெட்டது என்றும் சொல்ல முடியாது. வுட்ஸ்மேனிலேயே அப்படி ஒரு விஷயம் இருக்கிறது. ஆரம்பத் துப்பாக்கிகள் சாதாரண வேகத் தோட்டாவுக்காகச் செய்யப்பட்டவை. 1930 வாக்கில் அதிவேக .22 தோட்டாக்கள் சந்தைக்கு வந்தன. பின்னோக்கி வரும் ஸ்லைடு, அதாவது சுட்டதும் பின்னால் நகர்ந்து அடுத்த தோட்டாவை எடுக்கும் பாகம், முன்பைவிட வேகமாக மோத ஆரம்பித்தது. அதனால் கோல்ட் பிடியின் பின்புறம் இருக்கும் சுருள்வில் உறையைப் பலப்படுத்தி 1932 வாக்கில் மாற்றியது. சீரியல் எண் சுமார் 83,790இலிருந்து இந்த மாற்றம் வந்தது. வெளியிலிருந்தே அடையாளம் தெரியும். அந்த உறையில் கட்டம் கட்டமாகச் செதுக்கியிருந்தால் பழையது, சாதாரண வேகத் தோட்டா மட்டும்தான் போட வேண்டும். குறுக்குக் கோடுகளாக இருந்தால் அதிவேகத்தையும் தாங்கும். பழையதை வைத்திருந்தவர்கள் புது உறை வாங்கி மாட்டிக்கொண்டதும் உண்டு. 1920களின் துப்பாக்கியில் குறுக்குக் கோட்டு உறை இருந்தால் அது அசல் நிலை இல்லை. ஆனாலும் ஒருவர் தன் துப்பாக்கியைக் காப்பாற்றச் செய்த வேலை அது. என்னைக் கேட்டால், அதற்காக முகம் சுளிக்கத் தேவையில்லை, விற்கும்போது சொன்னால் போதும்.

குழலுக்குள் பார்ப்பது

குழலின் உட்புறத்தில் திருகு மாதிரி சுழன்று செல்லும் வரிப்பள்ளங்கள் இருக்கும். குண்டைச் சுழல வைத்து நேராக அனுப்புவது இவைதான். .22 ஈயக் குண்டு மென்மையானது, சுட்டுச் சுட்டு இந்த வரிகள் தேய்வது மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் 1920களின் பிற்பகுதி வரை தோட்டாக்களின் தீமருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. நம் தீக்குச்சி முனையில் இருக்கும் அதே சரக்கு. எரிந்த பிறகு அது ஒருவகை உப்பாகப் படியும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி எப்படிக் கசிகிறது? அதே மாதிரி அந்த உப்பும் காற்றின் ஈரத்தை இழுத்து, குழலை உள்ளேயிருந்து அரிக்கும். அதனால் ஆரம்பகாலத் துப்பாக்கி வெளியே அருமையாக இருந்து உள்ளே அம்மைத் தழும்பு போலக் கிடக்கலாம். விளக்கைக் காட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

தோட்டா அறையின் விளிம்பையும் பார்த்துவிடுங்கள். ரிம்ஃபயரில் தோட்டா இல்லாமல் விசையை இழுத்தால், அடிக்கும் ஊசி அந்த விளிம்பிலேயே போய் மோதலாம். பலமுறை அப்படி இழுத்திருந்தால் அங்கே சின்ன நசுங்கல் தெரியும்.

விலைக்கு வருவோம்

அடையாளம் தெரிந்துவிட்டது, நிலை தெரிந்துவிட்டது. இப்போதுதான் விலை. இணையத்தில் ஒருவர் கேட்கும் தொகை விலை ஆகாது. நிலம் விற்பவர் சொல்வதும் பத்திரம் பதிவாகும் தொகையும் ஒன்றாகவா இருக்கிறது? ஏலங்களில் முடிந்த தொகையைப் பாருங்கள். அதிலும் அதே தொடர், அதே கிளை, ஏறத்தாழ அதே சதவீதம் உள்ளவற்றை மட்டும் ஒப்பிடுங்கள். ஏல நிறுவனம் வாங்குபவரிடம் தனியாக வாங்கும் கட்டணம் அந்தத் தொகையில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும்.

அதே எண் எழுதிய அசல் பெட்டி, கையேடு, கோல்ட் பெயர் பொறித்த மேகசின் இவை இருந்தால் விலை ஏறும். கதைகள் அப்படியில்லை. ‘ராணுவ அதிகாரி வைத்திருந்தது’ என்று வீட்டில் சொன்னால் போதாது, காகிதம் வேண்டும். கோல்டின் ஆவணக் காப்பகம் கட்டணம் வாங்கிக்கொண்டு, சீரியல் எண்ணை வைத்துத் தேடி ஒரு கடிதம் தரும். எந்த நாளில் ஆலையை விட்டுப் போனது, யாருக்கு அனுப்பினார்கள், குழல் நீளம் என்ன, என்ன பூச்சு என்றெல்லாம் அதில் இருக்கும். அது அனுப்பிய நாள், செய்த நாள் இல்லை. இரண்டுக்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி இருக்கலாம்.

அமெரிக்கச் சட்டத்தில் 50 ஆண்டு கடந்து, அசல் வடிவத்தில் இருக்கும் துப்பாக்கிகள் ‘க்யூரியோ, ரெலிக்’ என்ற சேகரிப்பு வகையில் வரும். அப்போதும் அவை துப்பாக்கிகள்தான், மாநிலச் சட்டங்கள் அவற்றுக்கும் பொருந்தும். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வைத்திருக்க முடியாது, தாத்தா வைத்திருந்ததாக இருந்தாலும்.

கிடைத்த அன்று செய்ய வேண்டியது

தோட்டா இல்லை என்று உறுதிசெய்த பிறகு, மெல்லிய எண்ணெய் தொட்ட பருத்தித் துணியால் ஒருமுறை துடைத்தால் போதும். பாலிஷ், எஃகுக் கம்பளி, எலுமிச்சை எதுவும் வேண்டாம். திருகாணியைக் கழற்றாதீர்கள், பொருந்தாத திருப்புளி காடியைச் சிதைத்துவிடும். தோல் உறையில் இருந்தால் உடனே வெளியே எடுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பதனிட்ட அமிலமும் அதில் இருக்கும், உறைக்குள்ளேயே துருவேறும். உறையை எறியாமல் தனியாக வையுங்கள். பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும், எழுத்துகளைக் கிட்டத்திலும், பிடியின் பின்புறத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவரிடம் கேட்க அது போதும்.

பக்கத்து வீட்டுக்காரர் அதை விற்கவில்லை. பிடி கிடைக்கவில்லை, தேடிக்கொண்டுதான் இருக்கிறார். காப்பகத்துக்கு எழுதிக் கடிதம் வாங்கினார். 1939இல் ஹார்ட்ஃபோர்டை விட்டுப் போனதாக அதில் இருந்தது. வெள்ளியாகிப்போன அந்த ஓரங்களில் மாதம் ஒருமுறை எண்ணெய்த் துணியை ஓட்டுகிறார், இப்போது மெதுவாக.